ஊதா வெளிச்சமும் என் இடது காலும்

1

இந்தத் தை மாதம் இலங்கையில் எங்கள் ஊரான தெஹியோவிட்டைக்குப் போயிருந்தபோது என் முகத்தைப் பார்த்து நலம் விசாரித்தவர்கள் குறைவு. தங்கச்சி ஸ்டெல்லாவின் லயத்து வீட்டு வாசலில் வேனை விட்டு இறங்கியதுமே, கூடி நின்ற பெண்கள் எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள்.

"எந்தக் கால்க்கா? இதுவா, அதுவா?"

"சேலைய கொஞ்சம் தூக்குங்க, பாப்போம்."

ஸ்டெல்லா, இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வேலைக்குப் போகும் தாய்மார் காலையும் மாலையும் அவளிடம் வந்துதான் போக வேண்டும். அதனால் நான் வருவதற்கு முன்பே என் காலின் கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. ஜேர்மனியில் அக்காவின் ஆறாத புண்ணைக் கரண்டு வைத்து ஆற்றிவிட்டார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். ஒருத்தி, புண்ணைச் சுட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். இன்னொருத்தி, மாதாவுக்கு வைத்த நேர்ச்சைதான் ஆற்றியது, கரண்டெல்லாம் சும்மா பேருக்கு என்றாள்.

ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன். கடைசியில் ஸ்டெல்லாதான் வழி சொன்னாள்.

"ஒருக்கா ஒழுங்கா எழுதி அனுப்புக்கா. நீ ஒன்னு சொல்ற, அவுங்க ஒன்னு வெளங்கிக்கிறாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் படிச்சுக் காட்டுறேன்."

ஆகவே, திரும்பி வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பனி. உள்ளே சுடச்சுடப் பிளேன்டீ. எனக்கு ஒரு குறையும் இல்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெசிந்தா. அப்பாவும் அம்மாவும் இறப்பர் மரத்தில் பால் வெட்டினவர்கள். கல்யாணத்துக்கு முன் நானும் வெட்டியிருக்கிறேன். என் கணவர் சவரிமுத்து யட்டியாந்தோட்டைக்காரர். கலவரங்களுக்குப் பிறகு யார் யாரையோ பிடித்து ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். சில வருடங்கள் கழித்து நானும் வந்தேன். வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். அவர் நகரப் பஸ் ஓட்டுகிறார். நான் மீன் ஆலையில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், மெலனி. இங்கேதான் பிறந்தாள்.

இங்கே மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார். அன்பானவர்கள். ஆனால் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க, கேகால பக்கம்."

"அங்கையும் தமிழ்ச் சனம் இருக்கோ?"

இருக்கிறோம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் சிங்களக் கடைக்காரரிடம் நான் மூச்சுவிடாமல் சிங்களம் பேசுவதைக் கேட்டு, அவர்களில் ஒரு அம்மா என்னிடம் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கொண்டார். பிறகு சரியாகிவிட்டது. இப்போது அவர் வீட்டுப் பணியாரம் எனக்கு வரும், என் வீட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் அவருக்குப் போகும்.

மீன் ஆலையில் எல்லா வேலையும் நின்றுகொண்டேதான். மெலனி பிறந்தபோதே என் இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. பால் வெட்டிய கால், மீன் ஆலையில் நின்ற கால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சாமான் தள்ளுகிற வண்டியின் மூலை உள்பக்கக் கணுக்காலில் கீறியது. நகக்கண் அளவுக் கீறல். அது ஆறவில்லை. மாதங்கள் போகப் போக உள்ளங்கையில் பாதி அளவுக்குப் பரந்தது.

வைத்தியரிடம் போனேன். அவர் வேகமாகப் பேசினார். பாதி புரியவில்லை. புரியாத பாதிக்கெல்லாம் "ஆமாம், சரி" என்று தலையாட்டிவிட்டுக் களிம்போடு வீடு திரும்பினேன். மறுபடி வரச் சொன்னாராம். அது அந்தப் புரியாத பாதியில் இருந்திருக்கிறது.

3

புண்ணைவிட அதன் வாடைதான் என்னைக் கொன்றது. ஆலையில் எல்லார் மேலும் மீன் நாற்றம், அதனால் அங்கே பயமில்லை. வெளியில்தான் பயம். பூசைக்குப் போவதை நிறுத்தினேன். பிறந்தநாள் வீடு, கல்யாண வீடு எதற்கும் போகவில்லை. தடித்த காலுறை இரண்டு போட்டு, அதற்கு மேல் வாசனைத் தண்ணீர் தெளிப்பேன். சவரிக்குத் தெரியும். மெலனியிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

மெலனி அப்போது ஹம்பர்க்கில் வேலை பார்த்தாள். பாலர் பாடசாலை ஆசிரியை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பன்னிரண்டு வயதில் விட்டவள். தமிழ் ஆட்கள் கூடுகிற இடத்துக்கு வரமாட்டாள். எல்லாரும் அவளுடைய வயதையும் கல்யாணத்தையும்தான் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுப்பாள். "சாப்பிட்டியா? குளிரா? அப்பா எங்க?" அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவளிடம் தமிழ் போதாது, என்னிடம் ஜேர்மன் போதாது. கோபமெல்லாம் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும்.

ஒரு நத்தார்ப் பண்டிகைச் சமயம் எங்களைக் காரில் கூட்டிப் போனாள். கண்ணாடியெல்லாம் மூடி, சூடு போட்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, மீன் வாங்கினியா?"

"இல்லயே. உடுப்புல ஒட்டியிருக்கும்."

சவரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெலனி காரை வீதியோரம் நிறுத்தினாள். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். காலுறை நனைந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"காட்டு."

"ஒன்னுமில்ல பாப்பா, சின்னக் காயம்."

"அம்மா. காட்டு."

பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து காலுறையை அவளே உருட்டிக் கழற்றினாள். பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. கண்தான் நிறைந்தது.

"எத்தன நாளா?"

சவரிதான் வாயைத் திறந்தார். "ரெண்டு வருசமாச்சு பாப்பா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"நான் யாரு உனக்கு?" என்று கேட்டாள். அந்த மூன்று சொல்லையும் அவள் பிழையில்லாமல் சொன்னாள்.

4

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ஆறாத புண்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. மெலனி இடம் எடுத்தாள், லீவும் எடுத்தாள். வரவேற்பு மேசையில் நானே பேசிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜேர்மனில் புண்ணுக்கு வுண்டே என்று பெயர். அற்புதத்துக்கு வுண்டர். பதற்றத்தில் நான், "வணக்கம், நான் என்னுடைய அற்புதத்துக்காக வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அது எங்களிடம் இல்லையே அம்மா. பிளாஸ்மா இருக்கிறது, போதுமா?"

மெலனி சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காலை மறைத்து வைக்கத் தொடங்கிய பிறகு, காலோடு சேர்ந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. என்னைப் பார்த்துப் பேசினார், மெலனி மொழிபெயர்த்தாள். அவள் பட்ட பாடு! சீழுக்குத் தமிழ் தெரியாமல் "மஞ்சள் தண்ணி" என்றாள். கிருமிக்குப் "பூச்சி" என்றாள். புண்ணின் விளிம்பைப் "புண்ணோட வாசல்" என்றாள். எனக்கு எல்லாம் விளங்கியது. பிழையான சொல்லை வைத்துக்கொண்டு சரியாகச் சொன்னாள்.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். காலின் நரம்பில் இரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது. அதுதான் மூல காரணம். அதற்குக் கீழிருந்து மேலாக இறுக்கிக் கட்டுப் போட வேண்டும், புண்ணைத் துப்புரவாக்க வேண்டும். இது கட்டாயம். அதற்கு மேலே உதவிக்கு ஒன்று இருக்கிறது, அது குளிர் பிளாஸ்மா. ஒரு வாயுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது வேறொரு நிலைக்குப் போய் ஒளிரும். மின்னலும் அந்த வகைதானாம். ஆனால் இவர்கள் செய்வது தோலைச் சுடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் அது கொல்லும், புதுச் சதை வளரவும் தூண்டும்.

"எல்லாருக்கும் பலன் தருமா?" என்று நான் கேட்கச் சொன்னேன்.

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். நிறையப் பேருக்கு நல்ல பலன் தெரிகிறது, எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது, எந்தப் புண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். புற்றுநோய்க் கலங்களை வைத்தும் சோதனை நடக்கிறதாம். அது நீண்ட தூரம் போக வேண்டிய வேலை, பேப்பரில் வருவதையெல்லாம் நம்பிவிடாதீர்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனுசன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்து சவரியிடம் சொன்னேன். "பிளாஸ்மாவா? டிவியா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவக் காப்புறுதிக்காரர்களும் முதலில் இரத்தத்தில் இருக்கிற பிளாஸ்மா என்று நினைத்துத் தவறான பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேறொரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். சவரிமுத்து என் கணவரின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றால், குடும்பம் இல்லாதவளைப் போல் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரே அவர்களோடு பேசி அனுமதி வாங்கினார்.

5

முதல் நாள். தாதியின் பெயர் பிரிகிட்டே, என் வயதுதான். கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, ஒரு தடித்த பேனை மாதிரியான கருவியை எடுத்தாள். மெலனி என் காதருகே வந்து மொழிபெயர்த்தாள்.

"பயப்படாதம்மா. அது சின்ன மின்னல். ஆனா குளிர்."

நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் சப்ரகமுவை மாகாணத்துக்காரர்களுக்கு மின்னலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் மலைக்கு மேலே கறுத்துக்கொண்டு வரும். அப்பா பால்வெட்டுக் கத்தியையும் மண்வெட்டியையும் முற்றத்துக்கு வெளியே தூக்கி எறிவார். அம்மா கண்ணாடியைத் துணியால் மூடுவாள். ஒரு முறை எங்கள் லயத்துக்கு எதிரே நின்ற இறப்பர் மரம் எங்கள் கண்ணெதிரே பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. அப்படிப்பட்டதைத் திறந்த புண்ணில், அதுவும் ஈரமான புண்ணில் வைப்பதா?

பிரிகிட்டே கோபிக்கவில்லை. கருவியை இயக்கினாள். உஸ்ஸென்று மெல்லிய சத்தம். நுனியில் நெருப்புக்குச்சிச் சுவாலையைவிடச் சின்னதாக ஓர் ஊதா வெளிச்சம். அதைத் தன் விரலில் காட்டினாள். பிறகு மெலனியைப் பார்த்தாள். மெலனி தன் விரலை நீட்டினாள்.

"சூடா?" என்றேன்.

"இல்லம்மா. எறும்பு நடக்குற மாதிரி."

மகள் விரலை நீட்டிய பிறகு தாய்க்கு வேறென்ன சாக்கு? ஏறிப் படுத்தேன். அந்த வெளிச்சம் புண்ணின் மேல் விதைப்பு வயலில் நடக்கிற கொக்கு மாதிரி மெதுவாக, இடம் விடாமல் நகர்ந்தது. லேசான குறுகுறுப்பு. கொஞ்சம் இளஞ்சூடு. மழைக்கு முந்திய காற்றில் வருமே, அந்த வாசம். எனக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி நினைவுக்கு வந்தது. எந்தக் காயத்தோடு போனாலும் அங்கே ஊதா மருந்துதான் பூசுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளின் முழங்கால் ஊதாவாக இருக்கும். இதைப் பிரிகிட்டேயிடம் சொல்லச் சொன்னேன். அவளுடைய சின்ன வயதிலும் அவளுக்கு அதே மருந்துதானாம். இரண்டு பேரும் முழங்காலைத் தட்டிச் சிரித்துக்கொண்டோம்.

6

வாரத்துக்கு இரண்டு தரம் போனோம். மெலனி முதலில் லீவு போட்டாள். பிறகு ஹம்பர்க்கில் வேலை நாளைக் குறைத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. போகவர காரில் இருவரும் சொற்களைப் பரிமாறிக்கொண்டோம். அவள் சீழ், கிருமி, தழும்பு எல்லாம் கற்றாள். நான் வுண்டேயையும் வுண்டரையும் பிரித்துச் சொல்லக் கற்றேன். சொற்கள் தீர்ந்த பிறகு வேறு கதைகள் வந்தன. அவள் ஒருவனோடு மூன்று வருடம் வாழ்ந்ததும், பிரிந்ததும் எனக்கு அந்தக் காரில்தான் தெரிந்தது. நான் அழுவேன் என்று நினைத்தாளாம். "அவன் நல்லவனா இருந்தானா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லவன்தான் அம்மா" என்றாள். அவளும் தன் காயத்தை என்னிடம் மறைத்துத்தான் வைத்திருந்தாள். இரண்டு பேரும் சரிக்குச் சரி.

முதலில் வாடை போனது. அதுவே எனக்குப் பாதி சுகம். பிறகு புண்ணின் அடியில் சிவப்பாகச் சதை பிடித்தது. வேனில் காலத்தில் கட்டு வேர்த்து அரித்ததால், இறுக்கிக் கட்டுவதை நானாகவே சில நாட்கள் தளர்த்திவிட்டேன். உடனே கால் வீங்கி, புண் மறுபடி விரிந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

பிரிகிட்டே கண்டிப்பாகச் சொன்னாள். "இந்த வெளிச்சம் தனியாக ஒன்றும் செய்யாது. கட்டுதான் வேலைக்காரன், இது அவனுக்குக் கைகொடுக்கிறது. வேலைக்காரனை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்."

அதற்குப் பிறகு கட்டின் மேல் கை வைக்கவில்லை. வேலைக்கு முன் சவரி என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டிவிடுவார். பஸ் ஓட்டுகிற கை, அளவாக இறுக்கும்.

மரங்கள் இலை உதிர்க்கிற காலத்தில் புண் மூடியது. பிரிகிட்டே கண்ணாடி போட்டுப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள், இருவரும் குனிந்து பார்த்தார்கள். கட்டைக் கழற்றியதும் காற்று அந்த இடத்தில் பட்டது. மெல்லிய இளஞ்சிவப்புத் தோல். தொட்டுப் பார்த்தேன், தொடுவது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதேன். இனி வாழ்நாள் முழுக்க இறுக்கமான காலுறை போட வேண்டும் என்றார்கள். போடுகிறேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். பணியாரம் தருகிற அம்மா தன் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார்.

7

மெலனி என்னோடு ஊருக்கு வந்தது ஆறு வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. லயத்துப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். அவள் பாதித் தமிழும் பாதிக் கையுமாகப் பிளாஸ்மாவை விளக்கினாள். அந்தக் கூட்டத்துக்கு வராத ஒருத்தி இருந்தாள். ஸ்டெல்லாவின் பக்கத்துக் காம்பரா லெட்சுமி. பால் வெட்டுகிறவள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். மற்றவர்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பின்பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, பாப்பா இருக்கா?"

"இருக்கா. என்னா லெட்சுமி?"

"நீங்க உள்ள போங்கக்கா. பாப்பாகிட்ட மட்டும் ஒன்னு காட்டணும்."

எனக்கு ஆச்சரியம். "அவளுக்குத் தமிழ் பாதிதான் வெளங்கும்."

"அதுக்குத்தான் அக்கா. அந்தப் புள்ளைக்கு இங்க யாருகிட்டயும் போயி கத சொல்லத் தெரியாதே."

நான் உள்ளே போனேன். ஆனால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. மெலனி மண்தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். லெட்சுமி சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்தாள். வலது கால், ஆனால் அதே உள்பக்கக் கணுக்கால்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் மெலனி.

"மருமவ வரதுக்கு முன்னேயிருந்து, பாப்பா. அதுக்குத் தெரிஞ்சா நான் தொட்ட சோத்த தின்னாது."

மெலனி அவள் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "சீழ் இருக்கு. கிருமி இருக்கு. ஆறும். ஆனா நாங்க கட்டக் கூடாது, டாக்டர் பாக்கணும். இரத்தம் நல்லா ஓடுதான்னு பாக்கணும், இரத்தத்துல சீனி எவ்வளவுன்னு பாக்கணும். நாளைக்கு போறோம்."

"அந்த வெளிச்சம் இங்க இருக்கா பாப்பா?"

"எனக்குத் தெரியல. கட்டு இருக்கு. கட்டுதான் மெயின்."

மறுநாள் மூவரும் பக்கத்து டவுனான அவிசாவளைக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் நான் சிங்களம் பேசினேன், மெலனி வாய் பிளந்து பார்த்தாள். அம்மா ஒரு மொழியில் இவ்வளவு வேகமாகப் பேசி, எல்லாரையும் சிரிக்க வைத்து அவள் பார்த்ததே இல்லையாம். அங்கிருந்த தாதி லெட்சுமியின் காலைக் கழுவினாள், டாக்டர் சோதித்தார், வாரம் தவறாமல், கிழமைக்குக் கிழமை வந்து கட்டச் சொன்னார். ஊதா வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். வாசித்திருக்கிறாராம். இங்கேயும் வர வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். "வரும் வரைக்கும் கட்டுவோம் அம்மா" என்று சிங்களத்தில் சொன்னார்.

நேற்று ஸ்டெல்லாவின் தொலைபேசியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. லெட்சுமி பேசியிருந்தாள். புண் பாதியாகச் சுருங்கிவிட்டதாம். ஒரு நாள் மருமகள் கட்டைப் பார்த்துவிட்டாளாம். திட்டுவாள் என்று பயந்தால், அடுத்த கிழமையிலிருந்து அவளே லீவு போட்டுக் கூட்டிப் போகிறாளாம்.

மெலனி வீட்டில்தான் இருந்தாள். என்னை மொழிபெயர்க்கச் சொல்லாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு தொலைபேசியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், நீளமாக ஒரு பதில் பேசினாள். மருமகளின் பெயர் கேட்டாள், காலை உயர்த்தி வைக்கச் சொன்னாள், அரித்தாலும் கட்டைத் தளர்த்தக் கூடாது என்றாள், அம்மா அப்படிச் செய்துதான் கெடுத்துக்கொண்டாள் என்று என்னையும் போட்டுக்கொடுத்தாள். நடுவில் இரண்டு மூன்று பிழை. நான் திருத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் லெட்சுமியின் பதில் வந்தது. பின்னால் ஸ்டெல்லா சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"அக்கா, ஒங்க மக இம்புட்டுத் தமிழ் பேசுதே! இனிமே அதுக்கிட்ட ஒரு ரகசியமும் சொல்ல ஏலாது போல."